சோம்பேறி என்பது உற்றறிதலா, ஊகமா?

மாணவர்களே, மேலே படிப்பதற்கு முன் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு காட்சியைச் சொல்கிறேன். அதில் நீங்கள் காண்பதை ஒரே வரியில் எழுத வேண்டும்.

புதன்கிழமை, பிற்பகல் 3 மணி. பள்ளித் திடலில் இல்ல விளையாட்டுப் பயிற்சி நடக்கிறது. முதலாம் படிவ மாணவர்கள் திடலைச் சுற்றி ஓடுகிறார்கள். ஒரு மாணவன் மட்டும் கால்வாய் ஓரம் உட்கார்ந்து, காலணிக் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருக்கிறான். ஆசிரியர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். அவன் எழுந்து வரவில்லை.

என்ன எழுதினீர்கள்? இதே கேள்வியை என் வகுப்பில் கேட்டபோது பெரும்பாலோர் எழுதியது, "அந்த மாணவன் சோம்பேறி." சிலர் "அடம் பிடிக்கிறான்" என்று எழுதினார்கள். ஒருவர் "ஆசிரியரை மதிக்கவில்லை" என்று எழுதினார்.

தமிழ்ப்பள்ளியில் அறிவியல் செயற்பாங்குத் திறன்கள் படித்திருப்பீர்கள். புலன்களால் அறிவது உற்றறிதல். அறிந்ததற்கு நாமே ஒரு காரணம் சொல்வது ஊகித்தல். "அவன் உட்கார்ந்திருக்கிறான்" என்பது உற்றறிதல். "அவன் சோம்பேறி" என்பது ஊகம். கேட்டதோ நீங்கள் காண்பதை எழுதச் சொல்லி. ஆகவே, இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் கிடைக்காது.

வருத்தப்படாதீர்கள். இதே கேள்விக்குத் தவறான விடை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. நான் அதைத் தாளில் எழுதவில்லை, ஒரு பிள்ளையின் மீது எழுதினேன்.

திடலில் நான் செய்த தவறு

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது ஆண்டு. மேலே சொன்ன காட்சியில் விசிலோடு நின்ற ஆசிரியர் நான்தான். அந்த மாணவன் சிறப்புக் கல்வி வகுப்பைச் சேர்ந்தவன். அறிவியல் பாடத்துக்கும் புறப்பாட நடவடிக்கைகளுக்கும் மற்ற மாணவர்களோடு சேர்ந்து வருவான். அவனுக்கு ஆட்டிசம் உண்டு என்று கோப்பில் இருந்தது. நானும் படித்திருந்தேன். ஆசிரியர் பயிற்சியில் ஆட்டிசம் பற்றி ஒரு பாடமே இருந்தது. தேர்வில் நன்றாகவும் எழுதினேன். திடலில் இறங்கியதும் எல்லாம் மறந்துபோனது.

"எழுந்திரு தம்பி, ஒரு சுற்றுதான்" என்றேன். எழவில்லை. பக்கத்தில் போய் விசில் ஊதினேன். இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான். கையைப் பிடித்து எழுப்பினேன். அவன் கத்திக்கொண்டே கையை உதறிவிட்டு, சைக்கிள் கொட்டகைப் பக்கம் ஓடினான். "ஓட மாட்டேன்னவன் இப்ப எப்படி ஓடுறான் பாருங்க டீச்சர்" என்று ஒரு மாணவன் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை எழுதும்போது இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு மூன்று புதன்கிழமைகள் அவன் பள்ளிக்கே வரவில்லை. நான்காவது வாரம் அவன் அம்மா என்னைப் பார்க்க வந்தார். சண்டை போடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"டீச்சர், இவன் உடம்பை அசைக்க மாட்டான்னு நினைச்சிட்டீங்களா? நாங்க இருக்கிறது பதினாலாவது மாடி. லிப்ட் இருக்கு. ஆனா இவன் தினமும் சாயங்காலம் படியிலதான் ஏறுவான். ஒவ்வொரு படியா எண்ணிக்கிட்டே வருவான். இருநூத்து முப்பத்து நாலு படி. எனக்குத்தான் மூச்சு வாங்கும்."

ஒரு படியின் உயரம் 17 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 234 படிகள் என்றால் ஏறக்குறைய 40 மீட்டர். தினமும் தன் உடலை 40 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிச் செல்லும் ஒருவனைத்தான் நான் சோம்பேறி என்று முடிவு செய்திருந்தேன். என் ஊகத்துக்கு எதிரான தரவு அவன் வீட்டில் இருந்தது. நான் அதைத் தேடவே இல்லை.

அவன் எழுதிய நான்கு வரிகள்

அந்த மாணவன் அதிகம் பேச மாட்டான், ஆனால் எழுதுவான். அவன் அம்மாவின் யோசனைப்படி ஒரு தாளைக் கொடுத்து, "திடலில் உனக்கு எது பிடிக்கவில்லை?" என்று கேட்டேன். நெடுநேரம் கழித்து நான்கு வரிகள் எழுதிக் கொடுத்தான்.

ஒன்று, விசில். இரண்டு, புல் காலில் குத்துகிறது. மூன்று, நெஞ்சு ரொம்ப அடிக்கிறது. நான்கு, டீச்சர் ஒரு சுற்று என்று சொல்வார், பிறகு இன்னொரு சுற்று என்று சொல்வார்.

இந்த நான்கு வரிகளையும் அறிவியல் கண்ணோடு பார்ப்போம்.

முதலில் விசில். மனிதக் காது எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் உணர்வதில்லை. ஏறக்குறைய 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளுக்குத்தான் அது மிகக் கூர்மையாக இயங்குகிறது. விளையாட்டு விசில்கள் பலவற்றின் ஒலி இந்த எல்லைக்குள்தான் அமைகிறது. பக்கத்தில் நின்று ஊதினால் 100 டெசிபலைக்கூடத் தாண்டும். நமக்கே காது கூசும். ஆட்டிசம் உள்ளவர்கள் பலருக்கு மூளை இந்த ஒலியை இன்னும் பலமாக எடுத்துக்கொள்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி நூலில், ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றை மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ உணர்வது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளது. காதைப் பொத்திய அந்த மாணவன் நடிக்கவில்லை.

அடுத்து, புல். உங்கள் சட்டையின் கழுத்தில் இருக்கும் துணிச் சீட்டு எத்தனை முறை உங்களை உறுத்தியிருக்கும்? காலையில் அணிந்தபோது உணர்வீர்கள், சற்று நேரத்தில் மறந்துவிடுவீர்கள். மாறாமல் தொடரும் தொடுதலை மூளை மெல்ல ஒதுக்கி வைக்கிறது. சிலருடைய மூளை அப்படி எளிதில் ஒதுக்குவதில்லை. புல், வியர்வையில் ஒட்டும் சட்டை, காலுறையின் தையல் எல்லாம் கடைசி நிமிடம் வரை முதல் நிமிடம் போலவே உறுத்திக்கொண்டிருக்கும்.

மூன்றாவது வரிதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஐம்புலன்கள் என்று படிக்கிறோம். ஆனால் உடலுக்கு வேறு புலன்களும் உண்டு. உட்காதில் உள்ள அரைவட்டக் குழல்கள் தலை எப்படித் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்கின்றன. தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்விகள், கண்ணை மூடியிருந்தாலும் கை எங்கே, கால் எங்கே என்று சொல்கின்றன. பசி, தாகம், இதயத் துடிப்பு, சிறுநீர் முட்டுவது போன்ற உடலின் உட்செய்திகளை உணரும் புலன் ஒன்றும் உண்டு. ஆட்டிசம் உள்ள சிலருக்கு இந்த உட்செய்திகளைப் புரிந்துகொள்வது கடினம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். வேகமாக ஓடினால் என்ன நடக்கும்? இதயம் படபடக்கும், மூச்சு வாங்கும், வியர்க்கும். நாய் துரத்தினால் என்ன நடக்கும்? அதே மூன்றும் நடக்கும். பயத்தின் அறிகுறிகளும் ஓட்டத்தின் அறிகுறிகளும் ஏறக்குறைய ஒன்றுதான். "இது ஓடியதால் வந்தது, பயப்பட ஒன்றுமில்லை" என்று நம் மூளை பிரித்து அறிகிறது. அதைப் பிரிக்க முடியாதவருக்கு ஒவ்வொரு ஓட்டமும் ஓர் ஆபத்து போலவே தோன்றலாம். மாறாக, தாகம் தெரியாதவர் நம் நாட்டு வெயிலில் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடவும் கூடும். அதனால் இப்படிப்பட்டவர் விளையாடும்போது தாகத்துக்காகக் காத்திருக்காமல் நேரம் வைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

நான்காவது வரி முழுக்க முழுக்க என் குற்றம். "ஒரு சுற்றுதான்" என்று சொல்லிவிட்டு, முடிந்ததும் "இன்னும் ஒன்று" என்பது ஆசிரியர்களின் பழக்கம். மற்ற மாணவர்கள் முணுமுணுத்துவிட்டு ஓடுவார்கள். அடுத்து என்ன, எப்போது முடியும் என்று தெரிந்தால் மட்டுமே அமைதியாக இருக்க முடிந்த ஒருவனுக்கு, சொன்ன கணக்கு மாறுவது காலடியில் தரை நகர்வது போன்றது. என்னை நம்ப வேண்டாம் என்று அவனுக்கு நானே கற்றுக்கொடுத்திருந்தேன்.

அவன் பட்டியலில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ள பலருக்கு உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதே கடினம். 1943ஆம் ஆண்டு லியோ கன்னர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் பற்றிய இன்றைய ஆய்வு வளர்ந்தது. அந்தப் பிள்ளைகளில் சிலருடைய நடையில் தடுமாற்றம் இருந்ததை அவர் அப்போதே குறித்திருக்கிறார். ஒரு பந்தைப் பிடிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 5 மீட்டர் தூரத்திலிருந்து வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வரும் பந்து அரை வினாடியில் உங்களிடம் வந்துவிடும். அதற்குள் கண் அதைப் பின்தொடர வேண்டும், அது எங்கே விழும் என்று மூளை கணிக்க வேண்டும், கை அங்கே போக வேண்டும், விரல் சரியான நேரத்தில் மூட வேண்டும். இதில் ஒன்று கால் வினாடி தாமதமானாலும் பந்து முகத்தில் படும். இரண்டு முறை முகத்தில் பட்டு, வகுப்பே சிரித்தால், மூன்றாவது முறை நீங்கள் போவீர்களா?

எதற்காக அசைய வேண்டும்?

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021இல் உலகில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. அப்படியானால் உங்கள் பள்ளியிலும் இருப்பார்கள். சிறப்புக் கல்வி வகுப்பில் மட்டுமல்ல, உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். இதைப் படிக்கும் நீங்களாகவும் இருக்கலாம்.

அதே நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி, 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடலை இயக்க வேண்டும் என்கிறது. உடற்குறையோ வளர்ச்சிக் குறைபாடோ உள்ள பிள்ளைகளுக்கும் அதே 60 நிமிடம்தான். ஆனால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சராசரியாக மற்றவர்களைவிடக் குறைவாகவே உடலை இயக்குகிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. காரணம் நமக்கு இப்போது ஓரளவு புரிகிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். ஓடினால் ஆட்டிசம் போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். போகாது. ஆட்டிசம் என்பது மூளை வளர்ந்த விதம், காய்ச்சல்போல வந்து போவது அன்று. அந்தப் பிள்ளையின் இதயமும் எலும்பும் தசையும் உங்களுடையதைப் போன்றவையே. அவை வலுப்பெற அசைவு வேண்டும், அவ்வளவுதான். இரவில் நன்றாகத் தூங்கவும் மனம் லேசாக இருக்கவும்கூட அது உதவும். அவனை வேறொருவனாக மாற்றுவதற்காகத் திடலுக்கு அழைக்கத் தேவையில்லை.

அதனால் என் கருத்து இதுதான்: கையைப் பிடித்து இழுப்பதும் தவறு, "பாவம், நீ உட்கார்ந்திரு" என்று விட்டுவிடுவதும் தவறு. முதலாவது தவறைக் கண்டதும் யாராவது கேட்பார்கள். இரண்டாவது தவறு அன்பைப் போலத் தோன்றும், அதனால் யாரும் கேட்க மாட்டார்கள். ஐந்து ஆண்டுகள் திடலின் ஓரத்தில் அமர்ந்தே ஒருவன் பள்ளியை முடித்துவிடுவான். அவன் மாட்டேன் என்பது ஒரு முடிவுரை என்று நினைக்காமல் அதை ஒரு தரவாக எடுத்துக்கொண்டால்தான் வேலை தொடங்கும்.

மாற்ற வேண்டியது எந்த மாறியை?

சோதனை ஒன்று நடக்கவில்லை என்றால் நாம் என்ன செய்வோம்? தற்சார்பு மாறியை மாற்றிப் பார்ப்போம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும். அந்த மாணவன் விஷயத்திலும் அப்படித்தான் செய்தோம்.

முதல் வாரம் விசிலை நிறுத்தினோம். சைகைக்குச் சிவப்புக் கொடியை உயர்த்தினேன். அவன் திடலின் ஓரம் வரை வந்தான், உட்கார்ந்தான். அவ்வளவுதான்.

இரண்டாவது வாரம் அவன் அம்மா, தையல் உறுத்தாதபடி நீளமான காலுறையை உள்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டு அனுப்பினார். அன்று புல்லில் கொஞ்சம் நடந்தான்.

மூன்றாவது வாரம் கணக்கை நான் அவன் கையிலேயே கொடுத்தேன். நான்கு போத்தல் மூடிகளை ஒரு டப்பாவில் போட்டேன். ஒரு சுற்று நடந்தால் ஒரு மூடியை அவனே அடுத்த டப்பாவுக்கு மாற்றுவான். டப்பா காலியானால் முடிந்தது. அதற்கு மேல் ஒரு சுற்று என்று நான் கேட்கவே இல்லை. நன்றாக நடக்கிறானே, இன்னொன்று கேட்கலாமே என்று நாக்கு துடித்த நாள்கள் உண்டு. கேட்கவில்லை.

நெஞ்சு அடிப்பதற்கு அறிவியல் பாடமே உதவியது. மணிக்கட்டில் விரலை வைத்து நாடித் துடிப்பை எண்ணச் சொல்லிக் கொடுத்தேன். படிகளை எண்ணுகிறவனுக்கு இது சர்க்கரைப் பொங்கல். நடப்பதற்கு முன் எத்தனை, நடந்த பின் எத்தனை, ஐந்து நிமிடம் ஓய்வெடுத்த பின் எத்தனை என்று அட்டவணை போட்டான். துடிப்பு ஏறும், பிறகு இறங்கும் என்பதை அவனே தன் எழுத்தில் கண்டான். இறங்கும் என்று தெரிந்த பின் ஏறுவது அவனை அவ்வளவாகப் பயமுறுத்தவில்லை. இதைச் செய்வதற்கு முன் அவனுக்கு இதயக் கோளாறோ வலிப்போ இல்லை என்று அவன் அம்மாவிடம் உறுதி செய்துகொண்டேன். நீங்களும் பெரியவர்களைக் கேட்காமல் இதில் இறங்காதீர்கள்.

அந்த ஆண்டு இறுதியில் அவன் 400 மீட்டர் திடலை நான்கு சுற்று நடந்தான். அதாவது 1.6 கிலோமீட்டர். சில நாள்களில் கடைசிச் சுற்றை மெல்ல ஓடினான். விளையாட்டுப் போட்டி நாளன்று அவன் வரவில்லை. ஒலிபெருக்கியும் கூட்டமும் வேண்டாம் என்று அவனே முடிவு செய்தான். எங்கள் இல்லத்துக்கு அவனால் ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. எனக்கு அதில் குறை எதுவும் தெரியவில்லை.

எல்லாருக்கும் நடைதான் பொருந்தும் என்றும் இல்லை. சிலருக்கு நீச்சல் மிகவும் பிடிக்கும். ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் நீரின் அழுத்தம் ஏறக்குறைய 10 கிலோபாஸ்கல் கூடும் என்று படித்திருப்பீர்கள். உடல் முழுவதும் சீராக அழுத்தும் அந்தத் தண்ணீர், இறுக்கிப் போர்த்திய போர்வையைப் போலச் சிலரை அமைதிப்படுத்துகிறது. ஆனால் ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகள் ஆபத்தை உணராமல் தண்ணீரை நோக்கிப் போய்விடுவதுண்டு. ஆகவே, நீச்சல் குளத்தில் பெரியவர் ஒருவரின் கண் எப்போதும் அவர்கள் மீது இருக்க வேண்டும். சிலருக்குச் சைக்கிள், சிலருக்குச் சிலம்பம், சிலருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே பாட்டுக்கு ஆடுவது பிடிக்கும். மூச்சு வாங்கினால் போதும், அதுவும் கணக்கில் சேரும்.

உலகம் அவனுக்காக மாறுமா?

இதைச் சொன்னால் ஆசிரியர் அறையிலேயே ஒரு கேள்வி வரும். "இப்படி எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தால் நாளைக்கு வெளியுலகம் அவனுக்காக மாறுமா?" நியாயமான கேள்விதான். பழக்கப்படாமலே ஒருவர் வளர்ந்தால் பிறகு சிரமப்படுவார் என்ற அக்கறை அதில் இருக்கிறது.

என் பதில் இது. புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் பள்ளிகள் திடல் நடவடிக்கைகளை நிறுத்துகின்றன. அப்போது உங்களை யாராவது சோம்பேறி என்றார்களா? "புகையிலேயே ஓடிப் பழகு, வெளியுலகம் உனக்காக மாறாது" என்றார்களா? சூழல் உடலுக்கு ஒத்துவரவில்லை என்றால் சூழலை மாற்றுகிறோம், அல்லது மண்டபத்துக்குள் போகிறோம். நமக்கெல்லாம் ஒரே நேரத்தில் மூச்சு முட்டினால் அது அறிவியல் ஆகிறது. ஒருவனுக்கு மட்டும் காது வலித்தால் அது அடம் ஆகிவிடுகிறது. இந்த வேறுபாட்டை எப்படி நியாயப்படுத்துவது?

இன்னொன்றையும் கவனியுங்கள். நான் விசிலை நிறுத்தியதால் அவன் பலவீனமாகவில்லை. திடலுக்கு வந்தான். திடலுக்கு வந்த பிறகுதான் பழகுவதற்கே வாய்ப்புக் கிடைத்தது.

அதற்காக ஒவ்வொரு மறுப்புக்கும் பின்னால் ஒரு பெரிய காரணம் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கும் உங்களைப் போலவே கைப்பேசியை விட்டு எழ மனமில்லாத நாள்கள் உண்டு. அதுவும் இருக்கலாம், வேறு ஏதாவதும் இருக்கலாம். கேட்காமல், கவனிக்காமல் நமக்குத் தெரியாது.

ஜியா ராய் என்ற பெயரை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். ஆட்டிசம் உள்ள இந்தியச் சிறுமி. 2022 மார்ச் 20ஆம் தேதி, தம் 13ஆவது வயதில், இலங்கையின் தலைமன்னாரிலிருந்து தமிழ்நாட்டின் அரிச்சல்முனை வரை பாக் நீரிணையின் 29 கிலோமீட்டரை 13 மணி 10 நிமிடத்தில் நீந்திக் கடந்தார். அமெரிக்க ஓட்டக்காரர் மைக்கி பிரானிகனுக்கும் ஆட்டிசம் உண்டு. 2016ஆம் ஆண்டு ரியோ பாராலிம்பிக் போட்டியில் 1,500 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். இவர்களைப் பற்றிப் படித்து மகிழுங்கள். ஆனால் உங்கள் தம்பியை இவர்களோடு ஒப்பிடாதீர்கள். நீங்கள் தினமும் பூப்பந்து ஆடினாலும் உங்களை யாரும் லீ சோங் வெய்யோடு ஒப்பிட்டுத் திட்டுவதில்லையே.

நீங்கள் செய்யக்கூடியது

ஆசிரியரும் பெற்றோரும் செய்ய வேண்டியதை உங்களிடம் எதற்குச் சொல்கிறேன்? ஏனென்றால் அந்த நான்கு சுற்றுகளை அவன் என்னோடு நடக்கவில்லை. அவனோடு நடந்தவன் உங்களைப் போன்ற ஒரு மாணவன்.

அவன் பள்ளிக் காற்பந்துக் குழுவில் ஆடுபவன். கணுக்கால் சுளுக்கியதால் ஓடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். சும்மா நிற்கிறாயே, இவனோடு நட என்றேன். வகுப்பில் வாயாடி. ஆனால் பக்கத்தில் நடந்தபோது அவன் பேசவே இல்லை. ஏன் என்று பிறகு கேட்டேன். "அவன் எண்ணிக்கிட்டே நடக்கிறான் டீச்சர். பேசினா எண்ணிக்கை தப்பிடும்" என்றான். பயிற்சி பெற்ற நான் நான்கு வாரம் எடுத்துக் கண்டுபிடித்ததை அவன் ஒரே சுற்றில் உற்றறிந்துவிட்டான். கால் சரியான பிறகும், காற்பந்துப் பயிற்சிக்கு முன் இரண்டு சுற்று அவனோடு நடந்துவிட்டுத்தான் போவான்.

உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ உடலை அசைக்கத் தயங்கும் ஒருவர் இருந்தால், இவற்றைச் செய்து பாருங்கள்.

1. முதலில் கவனியுங்கள். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்தச் சத்தத்தில் அவர் விலகுகிறார் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள்.

2. கேளுங்கள். பேசச் சிரமப்பட்டால் எழுதவோ, வரையவோ, இரண்டு படங்களில் ஒன்றைத் தொட்டுக் காட்டவோ சொல்லுங்கள்.

3. அவருக்குப் பிடித்ததிலிருந்து தொடங்குங்கள். ரயில் பிடித்தால் நிலையம் வரை நடங்கள். எண்கள் பிடித்தால் வழியில் நிற்கும் வாகன எண்களைப் படித்துக்கொண்டே போங்கள்.

4. எவ்வளவு என்று முன்பே சொல்லுங்கள். ஐந்து நிமிடம் என்றால் ஐந்து நிமிடம்தான். சொன்ன சொல்லை மாற்றாதீர்கள்.

5. பக்கத்தில் நின்று நீங்களும் செய்யுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே "போ, ஓடு" என்று சொல்லும் அண்ணனை எந்தத் தம்பியும் நம்ப மாட்டான்.

6. சிரிக்காதீர்கள். மற்றவர் சிரித்தால் நீங்கள் சேராதீர்கள். அன்று அந்தத் திடலில் ஒரே ஒரு மாணவன் சிரிக்காமல் இருந்திருந்தால், என் சிரிப்பும் நின்றிருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

நீங்களே ஆட்டிசம் உள்ளவராக இருந்தால், உங்களுக்கு ஒரு வேண்டுகோள். எது கடினம் என்று நான்கு வரி எழுதி நீங்கள் நம்பும் ஆசிரியரிடம் கொடுங்கள். அந்த நான்கு வரிகள் எனக்கு ஓர் ஆண்டுப் பயிற்சியைவிட அதிகம் கற்றுக்கொடுத்தன.

இப்போது முதலில் எழுதிய தாளை எடுங்கள். அந்த வரியை அடித்துவிட்டு, காண்பதை மட்டும் எழுதுங்கள். "ஒரு மாணவன் கால்வாய் ஓரம் உட்கார்ந்திருக்கிறான். காரணம் எனக்கு இன்னும் தெரியாது." எழுதிவிட்டீர்களா? அடுத்த புதன்கிழமை, அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள்.